அரசு விடுதி இருக்கும்போது அபார்ட்மென்ட் எதற்கு?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகளுக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்திருக்கிறது. அவர் கேட்க வந்தது வீட்டைப் பற்றி. "வேளச்சேரில எடுக்கலாமா, பெருங்குடில எடுக்கலாமா சார்? ரெண்டு இடத்துலயும் ரயில் இருக்குன்னு அண்ணன் சொல்றார்" என்றார். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன், வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அபார்ட்மென்ட்டைப் பேசியே வைத்துவிட்டார். அம்மா மகளோடு போய்த் தங்கி மூன்று வருடம் சமைத்துப் போட வேண்டும். அப்பாவும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் ஊரில் இருந்துகொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றி இதை எழுதுகிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் இதே கேள்வியோடு வரும் குடும்பங்கள் ஏராளம்.

பெண் பிள்ளையை முதல் முறையாகத் தொலைவூருக்கு அனுப்பும்போது பயம் வரும். அது நியாயம்தான். ஆனால் கணக்கைக் கேட்ட பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அந்த அம்மாவிடம் நேரில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அம்மா, வாடகை 16,000, பராமரிப்பு 2,000 என்று சொன்னீர்கள். மாதம் 18,000. தீப்பெட்டி ஆலையில் உங்கள் கணவர் வாங்கும் சம்பளமே ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று வருடத்துக்குப் பெருக்கினால் 6,48,000 ரூபாய் வருகிறது. வாடகை ஒரு பைசா கூட ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ஒரு லட்சம் அட்வான்ஸ், தரகருக்கு ஒரு மாத வாடகை, கேஸ் இணைப்பு, ஃபிரிட்ஜ், மளிகை, மின்சாரம் எல்லாம் தனி. நீங்கள் ஊரில் தைத்துச் சம்பாதிப்பதும் நின்றுபோகும். அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் கட்டிப் படிக்கிற படிப்புக்குத் தங்குமிடச் செலவு ஆறரை லட்சம் என்றால், நீங்கள் கடன் வாங்கப் போவது படிப்புக்காக அல்ல, வீட்டு உரிமையாளருக்காக.

அட்வான்ஸையும் முதல் ஆறு மாத வாடகையையும் அண்ணன் தருவதாகச் சொன்னீர்கள். ஏழாவது மாதம் யார் தருவது? பணம் கொடுத்தவர் சொல்லை நாளை எப்படித் தட்டுவீர்கள்? இப்போதே அவர், "இவ்வளவு செலவு பண்ணிப் புள்ளியியலா? மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏ.ஐ., டேட்டா சயின்ஸ்னு நல்ல யுனிவர்சிட்டில சேர்த்துடலாமே" என்று ஆரம்பித்துவிட்டார். அபார்ட்மென்ட் பேச்சு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். வீட்டுக்கென்று பெரிய தொகை ஒதுக்கியதும், அதற்கு ஈடாகப் பெரிய பெயருள்ள படிப்பு வேண்டும் என்று தோன்றுகிறது. பிள்ளை விரும்பிய படிப்பு அதில் அடிபட்டுப் போகிறது.

அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்குமிடத்துக்கு வருகிறேன். டேட்டா சயின்ஸ் என்று இன்று சொல்வதற்கு அடித்தளமே புள்ளியியல்தான். மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. அதை எழுதப் பட்டப்படிப்பில் புள்ளியியல் படித்திருப்பது நேரடித் தகுதி. உங்கள் மகள் இதைத் தானாகவே விசாரித்து வைத்திருக்கிறாள். 1840இல் தொடங்கிய கல்லூரியில் அவள் விரும்பிய பாடத்தில், அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம் அது. விட்டுவிடாதீர்கள்.

இனி, அந்த அம்மா ஒரு முறைகூட வாயில் எடுக்காத வழியைச் சொல்கிறேன். இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவ, மாணவியருக்கென்று தனியே விடுதிகள் நடத்துகிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறைகளின் கீழ் இவை இருக்கின்றன. 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பொதுப்பெயர் வைக்கப்பட்டது. கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம். அட்வான்ஸ் கிடையாது, தரகர் கிடையாது.

இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "அது ரொம்பக் கஷ்டப்பட்டவங்களுக்கு இல்லையா சார்? சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளுக்கான அறிவிப்புகளில் அண்மை ஆண்டுகளில் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்று போட்டிருந்தது. இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் குடும்ப வருமானம் அதற்குள்தான் இருக்கிறது. இது உங்களுக்காகவே இருக்கிற விடுதி. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக மாதம் பதினெட்டாயிரம் கட்டுவதை நான் ஒரு நாளும் ஏற்கமாட்டேன்.

விதிகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரியாததால்தான் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மாணவியருக்கு அந்த விதி கிடையாது. அதாவது உள்ளூர்ப் பெண்கூட, வீட்டில் படிக்க இடமில்லை என்றால் விண்ணப்பிக்கலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் 5 இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விண்ணப்பத்தை விடுதிக் காப்பாளரிடமோ, அந்த மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலோ காசில்லாமல் வாங்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் விண்ணப்பிக்கும்போதே வைக்க வேண்டியதில்லை, சேரும்போது கொடுத்தால் போதும் என்றுதான் அறிவிப்புகளில் வருகிறது. ஆனாலும் வருமானச் சான்றுக்கு இன்றைக்கே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று அலைய வேண்டி வந்தால் இடம் கைநழுவிவிடும்.

இன்னொன்று முக்கியம். விடுதி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தில் போய் நின்றால் வேலை நடக்காது. சென்னைக்குக் கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை. கல்லூரியில் சேர்ந்த அன்றே, அங்கே படிக்கிறாள் என்பதற்கான போனஃபைடு சான்றிதழை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேராக இந்த அலுவலகத்துக்குப் போங்கள். பக்கத்துக் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம் நிறுத்தம், இறங்கினால் கல்லூரி. போக வர ஒரே நாளில் முடிகிற காரியம்தான்.

விடுதி எந்தப் பகுதியில் கிடைத்தாலும் போக்குவரத்து உங்களுக்குப் பாரமாக இருக்காது. மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பறக்கும் ரயிலுக்கு மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் எடுக்கலாம். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இதற்குக் கல்லூரி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் இணைந்த கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும். சாப்பாடும் இருப்பிடமும் இலவசம் என்றால் அந்த ஆயிரம் ரூபாயில் சோப்பு, சீப்பு, ஜெராக்ஸ், சீசன் டிக்கெட் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்வாள். ஊரிலிருந்து நீங்கள் அனுப்ப வேண்டியது தீபாவளி, பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து போகிற செலவுதான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு அறையில் பலர் இருப்பார்கள். காலையில் குளியலறைக்கு வரிசை நிற்கும். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்காது. 2023இல் கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்தான் வருகிறது. அதில் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டடங்களும் ஒரே தரத்தில் இல்லை. சைதாப்பேட்டை எம்.சி.ராஜா மாணவர் விடுதி மாதிரி புதிதாகக் கட்டியவையும் உண்டு, வாடகைக் கட்டடத்தில் நெருக்கியடித்து நடப்பவையும் உண்டு. அதனால் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். சேர்ந்த பிறகு குறை இருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம், முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்கும் பேசலாம். அரசு விடுதியில் நல்ல சாப்பாடு கேட்பது பிள்ளைகளின் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று மகளிடமும் சொல்லி அனுப்புங்கள்.

ராகிங் பயத்தால் அபார்ட்மென்ட் தேடுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1997லிருந்தே ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதிகளும் கல்லூரி வளாகத்தோடு நின்றுவிடவில்லை, வெளியே தங்குகிற இடங்களுக்கும் பொருந்துகின்றன. ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண் நாள் முழுக்க இயங்கும். அந்த எண்ணை மகளின் செல்போனில் பதிந்து கொடுங்கள்.

அபார்ட்மென்ட் எல்லாருக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே ஊரில் படிக்கிறார்கள் என்றால் ஒரு சிறிய வீடு கட்டுப்படியாகலாம். உடல்நிலை காரணமாகத் தனிச் சமையல் தேவைப்படுகிற பிள்ளை, சக்கர நாற்காலியில் போகிற, விடுதிப் படிக்கட்டு ஏற முடியாத பிள்ளை, இரவெல்லாம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வரும் ஆராய்ச்சி மாணவர், இவர்களுக்கெல்லாம் சொந்த அறை அவசியம். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம், இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்ல ஆளில்லை, சமைக்கவும் செலவுக் கணக்கு எழுதவும் பழகலாம். இவை உண்மையான நன்மைகள். இறுதியாண்டில் இன்டர்ன்ஷிப் வரும்போது இரண்டு, மூன்று தோழிகள் சேர்ந்து வீடெடுப்பதை நான் ஆதரிக்கவும் செய்வேன். அதற்குள் ஊர் பழகியிருக்கும், ஆட்களை எடைபோடத் தெரிந்திருக்கும்.

முதலாண்டில், பதினேழு வயதில், வேண்டாம் என்கிறேன். அந்த வயதில் பிள்ளையால் சட்டப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. நான்கு பிள்ளைகள் சேர்ந்து எடுக்கும் வீட்டில் யாரோ ஒருவரின் அப்பா கையெழுத்துப் போடுகிறார். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 4,500 என்று ஆசையாக ஆரம்பிப்பார்கள். ஒரு பிள்ளை நடுவில் போய்விட்டால் மற்றவர்களுக்கு 6,000. இன்னொருவரும் போனால், கையெழுத்துப் போட்ட அப்பாவின் தலையில்தான் முழு வாடகையும் விழும். மே மாதம் எல்லாரும் ஊருக்குப் போன பிறகும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பையனாக இருந்தால் வீடு தூரம், பைக் வேண்டும் என்ற பேச்சு அடுத்த மாதமே வரும். பெருநகரச் சாலையில் பைக் பழகாத பிள்ளைக்கு அதை வாங்கித் தருவது எனக்கு வாடகையைவிடப் பெரிய கவலை.

எடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சில் வீடு எடுக்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். முன்பணத்துக்கு அளவாக அந்தச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. பல இடங்களில் அதற்கு மேல் கேட்கிறார்கள். உங்களிடம் கேட்ட ஒரு லட்சம் ஆறு மாத வாடகைக்கும் அதிகம். அதைக் கேட்டதுமே பேரம் பேசியிருக்க வேண்டும். மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்படியிருக்க, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு விலை வைத்து வாங்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஏழரை சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்கள் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நண்பர்கள் அழைக்கிறார்கள் என்று அந்த விடுதியைவிட்டு வெளியே வீடெடுத்தால், இலவசமாகக் கிடைப்பதை உதறிவிட்டுக் கைக்காசைக் கொடுப்பதாக ஆகும். பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் இதற்கு மட்டும் இசையாதீர்கள்.

கோவில்பட்டிக் குடும்பத்துக்கு வருகிறேன். அம்மா வெளியே காத்திருக்க, மகளிடம் தனியாகப் பேசினேன். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு நிமிர்ந்து பதில் சொன்னவள், எங்கே தங்க விரும்புகிறாய் என்றதும் தயங்கினாள். அப்புறம், "அம்மா என்கூட வந்துட்டா தம்பி என்ன சார் பண்ணுவான்? அவன் அடுத்த வருஷம் பத்தாவது. எனக்கு ஹாஸ்டல் போதும். நாலு பேரோட இருந்தா எனக்கும் பேச்சு வரும்" என்றாள்.

அம்மா, இதை அவள் உங்களிடம் சொல்லவில்லை. மாமா மனது கஷ்டப்படும் என்று பயப்படுகிறாள். பதினேழு வயதுப் பெண் குடும்பத்தின் பணம், தம்பியின் பத்தாம் வகுப்பு, தன் கூச்சம் மூன்றையும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அந்த வீட்டைப் பற்றிப் பெங்களூரிலிருந்து வருகிற எந்த யோசனையும் இதற்கு முன் எடுபடாது. அவளை நம்பாமல் நீங்கள் கூடப் போய் உட்கார்ந்தால், அந்த மூன்று வருடமும் தன்னால்தான் வீடு இரண்டாகிவிட்டது என்ற நினைப்போடு அவள் படிக்க வேண்டியிருக்கும். பதினைந்து வயதுப் பையனும் வேலைக்குப் போய்க் களைத்து வரும் அப்பாவும் கடைச் சாப்பாட்டில் ஓட்டுவதற்கு நான் ஒருநாளும் சரி என்று சொல்லமாட்டேன்.

அண்ணனிடம் நன்றியோடு பேசுங்கள். உதவ வேண்டும் என்கிற அவர் மனது பெரிது. அந்த ஒரு லட்சத்தில் பாதிக்கும் குறைவான தொகையில் மருமகளுக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தரச் சொல்லுங்கள். புள்ளியியல் படிக்கிறவளுக்கு ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகளைப் பழக அது கட்டாயம் வேண்டும். மூன்று வருடமும் அவள் கையிலேயே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை அவளிடம் வேலை உலகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.டி.யில் இருப்பவர் தரக்கூடிய பெரிய உதவி அதுதான்.

அரசு விடுதிப் பட்டியல் வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிடலாம். இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போதும் அபார்ட்மென்ட் தேட வேண்டாம். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி பக்கம் மகளிர் விடுதிகள் இருக்கின்றன. பெண்களுக்கு விடுதி நடத்துகிற எவரும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உள்ளே போனதும் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் ஒரு இரவுகூடத் தங்க வைக்காதீர்கள். காட்டுகிற இடத்தில் மாதக் கணக்கில் மட்டும் பணம் கட்டுங்கள். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசு விடுதியில் இடம் வந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்க வேண்டும்.

வேளச்சேரி வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றீர்கள். கொடுக்காதீர்கள். இன்றைக்கே தரகருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போங்கள்.